வீடு இல்லாத வீட்டுக்காரர்

வீட்டை விற்ற பிறகும் அவருக்கு வீட்டுக்காரர் என்ற பெயர் போகவில்லை. பழைய குடித்தனக்காரர்கள் வழியில் பார்த்தால் இன்னமும் வண்டியை ஓரங்கட்டி, "என்ன வீட்டுக்காரரே, சௌக்கியமா?" என்று கேட்டார்கள். மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு என்று அவரே கூட நின்று கட்டியது. மேலே அவரும் மனைவியும் பிள்ளைகளும், கீழ்வீடு வாடகைக்கு. முழங்கால் தேய்ந்து படியேற முடியாமல் போனதும் மகன் விற்கச் சொன்னான், விற்றார். வாங்கியவர் மறுமாதமே இடித்துத் தள்ளி அடுக்குமாடி எழுப்பத் தொடங்கிவிட்டார்.

அன்றிலிருந்து அவரும் மனைவியும் ஆளுக்கொரு பெட்டியோடு கொஞ்ச நாள் மகன் வீடு, கொஞ்ச நாள் மகள் வீடு. இரண்டு இடத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பாடு வந்தது. பேரப்பிள்ளைகள் கட்டிலை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் ஆளில்லாத அறை என்று நினைத்து அவர் விளக்கை அணைத்தால், உள்ளேயிருந்து "தாத்தா! நான் குளிச்சிட்டிருக்கேன்!" என்று சத்தம் வந்தது. அவர் இறுக்கி மூடிய குழாயை மருமகளால் திறக்க முடியவில்லை. "அப்பா, நீங்க சும்மா உட்காருங்களேன்" என்றான் மகன். ஆயுசில் பாதியை அடுத்தவர் குழாயை மூடுவதிலேயே கழித்தவருக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை, பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"இங்க வா. இது நம்ம கீழ்வீடு."

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். இடுப்பு உயரம் வரை பச்சைப் பெயின்ட், அதற்கு மேல் சுண்ணாம்பு. மூலையில் கழுத்து வளைந்த குழாய். கூரையில் பெரிய பழுப்புக் கறை. சந்தேகமே இல்லை, கீழ்வீடுதான்.

"இடிச்ச வீட்டை எவன் எடுத்துட்டுப் போனான்?"

"எடுத்துட்டுப் போகலைங்க. அதே மாதிரி செஞ்சிருக்காங்க. கீழே போட்டிருக்கு பாருங்க. தங்கின வீடுகளையெல்லாம் ஞாபகத்துல இருந்து செஞ்சு, கண்காட்சி வச்சிருக்காங்களாம். டைப்பிஸ்ட் பொண்ணு. நம்ம வாண்டு."

டைப்பிஸ்ட் குடும்பம் கீழ்வீட்டில் வெகுகாலம் இருந்தது. அவர்களுடைய ஒரே பெண்ணுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அவள் எப்போதும் வாண்டுதான்.

"யாரைக் கேட்டுச் செஞ்சா?" என்றபடி அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கண்காட்சி ஒரு பழைய கிடங்கில். உள்ளே மூன்று வீடுகள் ரயில் பெட்டிகள் போல வரிசையாக நின்றன. எல்லாம் ஒட்டுப்பலகை, பழைய கதவு, பழைய துணி. முதலாவது, மொட்டைமாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை. இரண்டாவது, யாரோ உறவினர் வீட்டுக் கூடத்தில் திரை கட்டி ஒதுக்கிக் கொடுத்த மூலை. மூன்றாவது இவருடையது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகை இருந்தது. வீட்டுக்காரர் செருப்போடு உள்ளே போனார்.

வாண்டுவுக்கு இப்போது முப்பத்தைந்துக்கு மேல். முடியைக் குட்டையாக வெட்டி, முழங்கை வரை பெயின்ட்டோடு ஒரு முக்காலி மேல் நின்று, கழன்று வந்த படத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு இருமல் கேட்டது. அவ்வளவுதான், முக்காலியிலிருந்து குதித்துச் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"யாரு ஆணி அடிச்சது?"

"நான் இல்லை அங்கிள், அப்பாதான்..." என்று ஆரம்பித்துவிட்டாள். அப்புறம்தான் தனக்கு வயதாகிவிட்டது என்பதும், சுவர் தன்னுடையது என்பதும், ஆணி அடிக்கத் தனக்கு உரிமை உண்டு என்பதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. "அங்கிள்! நீங்களா! ஆன்ட்டி, வாங்க, வாங்க!"

அவர் குசலம் விசாரிக்க வரவில்லை. கதவை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார்.

"இந்தக் கதவு உள்பக்கமா திறக்காது. வெளிப்பக்கம்."

"எனக்கு உள்பக்கமாத்தான் ஞாபகம் அங்கிள்."

"உன் ஞாபகத்துல மாத்தித் திறந்தா, கட்டினவன் என்ன பண்ணுவான்?"

சமையலறை மேடை ஒரு சாண் உயரம் அதிகம் என்றார். சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப கொஞ்சம் மேலே பாருங்க, அந்தக் கறையாவது சரியா வந்திருக்கா?" என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்து, "ம்ம், பார்த்தேன்" என்றார்.

மனைவி அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தக் காலத்தில் கீழ்வீட்டிலிருந்து கூரை ஒழுகுகிறது என்று ஆள் வரும்போதெல்லாம் அவர் இறங்கிப் போய் இப்படித்தான் தரையைப் பார்ப்பார். "ஆளை வரச் சொல்லியிருக்கேன்" என்பார். அந்த ஆள் எந்த ஊரிலிருந்து கிளம்பினானோ, கடைசி வரை வந்து சேரவில்லை.

மறுநாளும் வீட்டுக்காரர் கண்காட்சிக்குப் போனார். அதற்கு மறுநாளும். மகன் வீட்டில் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப ஓர் இடம் கிடைத்துவிட்டது. மனைவியும் ஃபிளாஸ்கில் டீயோடு கூடவே வந்து, இரண்டாவது வீட்டுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பார்க்க வந்தவர்கள் திணறிப்போனார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக உள்ளே நுழைந்தால் வாசலை மறித்து நின்று, "எத்தனை பேர் இது? மூணு பேர்னு சொல்லித்தானே குடி வந்தாங்க?" என்பார். யாராவது சுவரில் சாய்ந்தால், "தலை எண்ணெய் படும், தள்ளி நில்லு." ஒரு ஜோடி முன்னறையில் நின்று மெதுவாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. இவர் உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

அது கண்காட்சியின் பகுதி என்றே எல்லோரும் நினைத்தார்கள். பத்திரிகையில் வேறு எழுதிவிட்டார்கள்: சுவரையும் கதவையும் விட, அந்த வீட்டுக்காரராக நடிப்பவர் மனதை உலுக்குகிறார் என்று. கூட்டம் இரட்டிப்பானது. அரங்க மேனேஜர் கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"எதுக்கு இது?"

"கலைஞர்கள் எல்லாருக்கும் உண்டு சார்."

"என் வீட்டுல நான் நிக்கிறதுக்கு அட்டை வேணுமா? போய்யா."

வாண்டுவுக்கு முதல் இரண்டு நாள் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருட உழைப்பு. யாரும் அதைப் பார்க்காமல் கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் மேனேஜரிடம், "விடுங்க, அவர் இருக்கட்டும்" என்றாள். "இந்த வீட்டுல நான் குதிகாலை ஊனி நடந்ததே கிடையாது சார். நாற்காலியை இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்கணும். பலகையில எல்லாத்தையும் செஞ்சேன், அந்தப் பயத்தை மட்டும் எதுல செய்யறதுன்னு தெரியலை. அதுவா நடந்து வந்திருக்கு."

ஒருநாள் மாலை அவள் கூட்டத்துக்கு நடுவே நின்று கறையைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் நின்று தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அது எனக்கு ஒட்டகம். காய்ச்சல்ல படுத்திருந்தா அதுமேல ஏறி எங்கெங்கேயோ போவேன். மழைக்காலத்துல பக்கத்துலயே ஒரு குட்டி ஒட்டகம் வரும். சொட்டு விழ ஆரம்பிச்சா அப்பா என்னை எழுப்பாம, என்னோட சேர்த்துக் கட்டிலை நகர்த்துவார். விழுற இடம் மாறும், மறுபடி நகர்த்துவார். காலையில எழுந்தா நான் வாசல் பக்கத்துல கிடப்பேன். கட்டிலே என்னைத் தூக்கிட்டு நடந்துபோச்சுன்னு ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன்."

கூட்டம் சிரித்தது. வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஒட்டகம், குட்டி எல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. கட்டில் மட்டும் ஏறியது. அன்று வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டும், அதைக் கரைக்க ஒரு வாளியும், விரிசலில் அப்புகிற பசையும், நீளக் கழியில் கட்டிய பிரஷ்ஷும் வாங்கினார். அரங்கம் திறக்க இன்னும் நேரம் இருந்தது. வாசலில் புதிதாக வந்த காவலாளி. வாளியும் கழியுமாக நிற்கும் பெரியவரைப் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்டார்.

"யாரும்மா இவரு?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள். கட்டிய கணவரை வேறெப்படிச் சொல்வது?

காவலாளி அடித்துப்பிடித்து எழுந்தார். பத்திரிகையில் வந்த அந்த வீட்டுக்காரர்! தவிர, அவரும் ஒரு வாடகை வீட்டில் இருப்பவர்தான். அந்தச் சொல்லைக் கேட்டால் கை தானாகவே கதவைத் திறந்துவிடும்.

வாண்டு அன்றைக்குத் தன் அம்மாவோடு வந்தாள். வெளியூரில் இருக்கும் அம்மா அன்றுதான் முதன்முதலாகப் பார்க்க வருகிறாள். "கண்ணை மூடிக்கோம்மா" என்று கையைப் பிடித்து முன்னறைக்குள் கூட்டிவந்து, "இப்போ மேலே பாரு" என்றாள்.

மேலே பளிச்சென்று வெள்ளை. ஒரு மூலையில் வீட்டுக்காரர் கழியை ஊன்றிக்கொண்டு நின்றார். மூக்கு நுனியில் ஒரு சொட்டு வெள்ளை.

மேனேஜர் ஓடிவந்தார். "ஐயோ! சேதம்! இது சேதம்!"

"சேதம் இல்லை. ரிப்பேர்" என்றார் வீட்டுக்காரர்.

வாண்டுவுக்குப் பேச்சே வரவில்லை. அவள் அம்மாவுக்கு வந்தது.

"அப்பாடா! ஒருவழியா அடிச்சிட்டீங்களா!" என்று கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு! அவர் இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். உட்காருங்க, டீ போடறேன்." சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். குழாயைத் திருகிப் பார்த்து, "தண்ணி இன்னும் விடலையா?" என்று உள்ளிருந்து கேட்டாள். அது பலகைக் குழாய் என்று அப்புறம்தான் உறைத்து, வெட்கத்தோடு திரும்பி வந்தாள்.

வீட்டுக்காரர் கழியைச் சுவரில் சாய்த்தார். "இருந்திருந்தாவா? டைப்பிஸ்ட் சார்..."

"போய் நாலு வருஷமாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

"நீங்க எங்க வந்தீங்க? வர்றேன், வர்றேன்னு சொல்வீங்க" என்றாள் அவள். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள்.

வாண்டு, கறை இருந்த இடத்துக்கு நேர் கீழே போட்டிருந்த கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள். "அங்கிள், அது ஒழுகலை. ஒழுகின மாதிரி நான் வரைஞ்சது."

"குறைன்னு சொன்னா சரி பண்ணிக் கொடுக்கணும். வீட்டுக்காரனுக்கு வேற என்ன வேலை?"

"நாங்க காலி பண்ணிட்டுப் போனப்புறம், அடுத்து வர்றவங்களுக்காக வெள்ளையடிச்ச வீடு மாதிரி இருக்கு இப்போ. நாங்க இருந்த வீடு எங்க அங்கிள்?"

அவர் வாளியை எடுத்து, திரும்பக் கீழே வைத்தார்.

அன்று மாலையே வெளியூரிலிருந்து ஒரு குழு வரவிருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் இந்த மூன்று வீடுகளும் லாரியேறி ஊர் ஊராகப் போகும். பத்திரிகையில் வந்த கறையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வாண்டு டீத்தண்ணீரும் துருவும் குழைத்து, பிரஷ்ஷோடு முக்காலியில் ஏறினாள். பத்திரிகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதியம் வரை முயன்றாள். ஒருமுறை மாட்டுக்குளம்பு போல வந்தது, ஒருமுறை காலணி போல. துடைத்துத் துடைத்து அடித்தும் ஒட்டகம் வரவில்லை. முன்பு கண்ணை மூடினால் கறை தெரியும். இப்போது கண்ணை மூடினாலும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"கீழே இருந்து வரைஞ்சா வராதும்மா" என்று ஒரு குரல் கேட்டது. இத்தனை நாளும் மடக்கு நாற்காலியை விட்டு எழாத வீட்டுக்காரரின் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "மேலே இருந்து ஊத்தணும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த மூலைக்கு நேர் மேலே எங்க பக்கம் கூரை இல்லாத இடம், அங்கதான் துவைக்கிற கல்லு. அது மழைத்தண்ணி மட்டும்னு நினைச்சீங்களா? பாதிக்குமேல என் துவையல் தண்ணி."

வீட்டுக்காரர் வாய் பிளந்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கல்லை நகர்த்திப் போடுங்க, நகர்த்திப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஆளை வரச் சொல்லியிருக்கேன்னீங்க."

டைப்பிஸ்ட் மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, ஒரே ஆளிடம் ஒரே விஷயத்தை இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமலே. அவள் முதலில் சிரித்தாள். பிறகு இவளும். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் படம் கழன்று விழுந்தது.

பலகை வீட்டின் பின்பக்கம் விளக்கு மாட்டுவதற்காகப் போட்ட சாரம் இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்காரரின் மனைவி அதில் ஏறினாள். முழங்கால் அவளுக்கும் வலிக்கும்தான். இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. துருவும் டீயும் கலந்த வாளியைக் காவலாளி எட்டிக் கொடுத்தார். கூரைப் பலகையின் மேல் துணி துவைக்கிறவள் போலக் குந்தி உட்கார்ந்து அவள் ஊற்ற ஆரம்பித்தாள். ஒரு குவளை, கொஞ்சம் நிறுத்தம், இரண்டு குவளை. பிழியும்போது ஒழுகுவது போல மெல்லிசாய் ஒரு தாரை. கை எதையும் மறக்கவில்லை.

கீழே எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். இந்த நேரம் பார்த்து வெளியூர்க் குழுவினரும் வந்து சேர்ந்து, விஷயம் புரியாமல் தாங்களும் அண்ணாந்தார்கள். வெள்ளையில் முதலில் ஒரு புள்ளி. அது நாணயம் அளவாயிற்று, தட்டு அளவாயிற்று, விளிம்பில் கருத்துக்கொண்டே நகர்ந்தது. வாண்டு செருப்பை உதறிவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்தாள்.

"ஒட்டகமா?" என்று கேட்டார் மேனேஜர்.

"கோழி மாதிரி இருக்கு" என்றாள் அவள் அம்மா.

"கோழிக்கு ஏது நாலு கால்?" என்றார் காவலாளி.

முதல் சொட்டு வாண்டுவின் நெற்றியில் விழுந்தது. அடுத்தது கண் இமையில். அவள் அசையவில்லை. வீட்டுக்காரர் இந்தமுறை தரையைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார்.

"யோவ், சும்மா நிக்கிறியே, அந்தப் பக்கம் பிடி!"

மேனேஜர் கால்மாட்டைப் பிடித்தார். வாண்டுவோடு சேர்த்துக் கட்டில் இரண்டடி நகர்ந்தது. சொட்டும் கொஞ்ச நேரத்தில் இடம் மாறியது. மறுபடி நகர்த்தினார்கள். வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது, முழங்கால் கடகடத்தது. "இறங்கறேன் அங்கிள்" என்றாள் வாண்டு. "பேசாம படு" என்றார். வாசல் பக்கம் போய்ச் சேரும்வரை விடவில்லை. அவள் முகத்தில் ஓடியது எல்லாம் டீத்தண்ணீர் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

குழு அங்கேயே கைகுலுக்கிவிட்டது. மூன்று வீடுகளும் அடுத்த மாதமே கிளம்பலாம். ஒரே ஒரு நிபந்தனை என்றார் குழுவின் தலைவி. ஒவ்வொரு ஊரிலும் கூரை புதிதாகத்தான் போட வேண்டும், கறையும் புதிதாகத்தான் வர வேண்டும். ஆகவே மேலே இருக்கும் அந்த அம்மாள் கண்டிப்பாகக் கூட வர வேண்டும்.

"நானும்தானே?" என்றார் வீட்டுக்காரர்.

தலைவி தயங்கினாள். "நீங்க சிரமப்பட வேண்டாம் சார். வீட்டுக்காரர் எந்த ஊர்லயும் கிடைப்பாங்க."

சாரத்தின் மேலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

இப்படியாக அவர் மனைவி தன் பெட்டியோடு முதன்முறையாகத் தனியாக ஊரை விட்டுக் கிளம்பினாள். வாண்டு அவளைக் கைப்பிடித்து வண்டியேற்றினாள். வீட்டுக்காரர் மகன் வீட்டில் இருந்தார். டீ போடக் கற்றுக்கொண்டார். சுமாராகத்தான் வந்தது. யார் எந்த விளக்கைப் போட்டுவிட்டுப் போனாலும் கண்டுகொள்ளவில்லை, மருமகளே ஒருநாள், "மாமா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள்.

மனைவி சாயந்திரம் போன் செய்தாள்.

"ரூம் குடுத்திருக்காங்களா? எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. பெரிய கட்டில். குறுக்கே படுத்துப் பார்த்தேன்."

"குறுக்கேயா? எதுக்கு?"

"யாரும் இல்லையே. அதான்."

"நான் வந்தா?" என்றார் அவர்.

"வந்தா நேரா படுத்துக்கலாம்."

அவர் போனை வைத்துவிட்டுப் பரண் மேலிருந்த தன் பெட்டியை இறக்கச் சொல்லி மகனைக் கூப்பிட்டார். அம்மா இருக்கிற ஊருக்கு நாளைக்கே ஒரு டிக்கெட் எடு என்றார்.

"அப்பா, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க அங்கேயிருந்து கிளம்பிடுவாங்க."

"எந்த ஊருக்கு?"

"அடுத்த ஊர் இன்னும் முடிவாகலையாம்."

"அப்ப அந்த ஊருக்கு எடு" என்றார் அவர்.